தறி நின்ற ஒரு நொடி

1

போன மாதம் தபால்பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் ஜன்னல் வைத்த பழுப்பு உறையைக் கண்டால் பிரிக்காமல் மேசையில் கொஞ்ச நேரம் போட்டு வைப்பேன். இந்த ஊரில் நல்ல செய்தி போனில் வரும், மற்றதெல்லாம் உறையில் வரும்.

பிரித்துப் பார்த்தால், பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. நான் பயிற்சி பெற்ற நிறுவனத்திலிருந்து வருடாந்திரப் படிவம். நரம்பு நோயாளிகளுக்குத் தாளத்தையும் இசையையும் வைத்துச் செய்யும் சிகிச்சை முறைகளில் அங்கே ஒன்றரை வருஷம் படித்தேன். சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமானால் பன்னிரண்டு கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று குறியிட்டு அனுப்ப வேண்டும். பத்து கேள்விகளுக்கு மளமளவென்று போட்டுவிட்டேன். பதினோராவது கேள்வி இது: கடந்த ஓராண்டில் உங்கள் சிகிச்சையினால் யாருக்காவது உடலில் தீங்கு நேர்ந்ததா?

பேனாவை மூடி வைத்தேன். நாள்காட்டியைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. என் நைனா, அதாவது அப்பா, கீழே விழுந்து அந்த வாரத்தோடு சரியாக ஒரு வருஷம்.

ஊரில் இருந்து படிக்கும் உங்களுக்கு முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். சித்தூர் மாவட்டம் நகரி எனக்குச் சொந்த ஊர். பிசியோதெரபி படித்தது திருப்பதியில். இப்போது இருப்பது பிரேமன் நகரத்தில், ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில். பக்கவாதம் வந்தவர்களையும் நடுக்குவாதம் வந்தவர்களையும் நடக்க வைப்பது என் வேலை. ஊரார் பிள்ளைகளை எல்லாம் நடக்க வைத்தவள் என்று என்னைச் சொல்லலாம். சொந்த வீட்டுக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

2

அந்தப் பயிற்சிக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. வார்டில் ஒரு கிழவர் இருந்தார், ஓய்வு பெற்ற தபால்காரர். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம். கதவு நிலையருகே வந்தால் போதும், இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நான் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். ஒருநாள் எங்கள் மருத்துவமனையின் இசைச் சிகிச்சையாளர் வந்தார், தாளக்கருவியைத் தட்டி, டக், டக் என்று சீராக ஓட விட்டார். கிழவர் ஒரு மூச்சு நின்றார். அடுத்த டக்கில் வலதுகால் எழுந்தது. கடுதாசி கொடுக்கப் போகிறவர் மாதிரி நிலையைத் தாண்டிப் போய்விட்டார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்த வாரமே விண்ணப்பித்தேன்.

விஷயம் இதுதான். நடக்கும்போது மூளைக்குள்ளே ஒருவர் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறார். நமக்கு அது தெரிவதில்லை. இந்த நோயில் அவர் சோர்ந்து போகிறார். வெளியிலிருந்து ஒரு சீரான தாளம் காதில் விழுந்தால் கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. நோயாளியின் நடை வேகத்தை முதலில் அளக்க வேண்டும். தாளத்தை அதே வேகத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கேட்கச் சுலபம். செய்து பழக ஒன்றரை வருஷம் பிடித்தது. அப்படியும் எங்களைப் போன்றவர்கள் இசைச் சிகிச்சையாளர் என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொள்ளக் கூடாது, நுட்பங்களை மட்டும் பயன்படுத்தலாம் என்று மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

முதல் நாள் வகுப்பில் எல்லாரும் கால் தட்டி அவரவர் தாய்மொழியில் எண்ணச் சொன்னார் ஆசிரியை. என் முறை வந்தபோது என் வாய், "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்றது. தமிழ் எண்கள் கேட்க இனிமையாக இருக்கின்றன என்று பாராட்டினார்கள். நான் படித்தது தெலுங்கு மீடியம் என்றும், வீட்டில் பேசுவது தமிழ், கணக்குப் போடுவது தெலுங்கு என்றும், எங்கள் ஊர் பக்கமெல்லாம் அப்படித்தான் என்றும் விளக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஜெர்மன் மொழியில் அந்த ஐந்து நிமிஷத்தில் நாலு பிழை விட்டேன். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள் ஆன்னெ, பள்ளிக்கூடத்துப் பாட்டு ஆசிரியை. அவளும் நானும் பயிற்சி முடியும் வரை ஒரே மேசை.

3

நைனா நாற்பது வருஷம் பவர்லூம் ஓட்டியவர். வீட்டுக்குப் பின்னால் ஷெட், அதில் நாலு தறி. நகரியில் எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியதில்லை, பேசினால் கேட்காது. மின்சாரம் போனால்தான் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்கும். நான் படிக்க வேண்டும் என்று ஷெட்டுப் பக்கமே என்னை விட்டதில்லை. "இத்த கத்துக்கினு இன்னா பண்ணப் போற பாப்பா? போ, போய் பொஸ்தகத்த எடு" என்பார். தறியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் சத்தம் மட்டும். அது பின்னால் எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்தது.

அவருக்குக் கை நடுங்கத் தொடங்கி, மருத்துவர் அதே பார்க்கின்சன் நோய்தான் என்று சொன்னதும் நான்தான் ஆலோசனை சொன்னேன். தம்பி ரத்தினம் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் நகரியிலிருந்து பஸ் ஏறி அலைவதைவிடத் திருப்பதியில் ஒரு வீடு பார்த்துக் குடிபோய்விடு என்றேன். திருச்சானூர் ரோட்டில், உள்ளடங்கின சந்தில், இரண்டாம் மாடியில் ஒரு பிளாட். "சத்தமே இருக்கக் கூடாது, ரத்தினம். நரம்புக்கு அமைதி வேணும்" என்று நான் போனில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது எங்கள் மருத்துவமனையில் ஊழியர்களுக்கு மனத்தை ஒருமுகப்படுத்தும் தியான வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாலு வாரம் மூச்சைக் கவனித்துவிட்டு உலகத்துக்கெல்லாம் அமைதி வாங்கிக் கொடுக்கப் புறப்பட்டிருந்தேன். நாலு தறியையும் பக்கத்து வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த அமைதியான வீட்டில் நைனாவின் கால் நின்றுபோனது. படுக்கையிலிருந்து எழுந்து கூடத்துக்கு வர அரைமணி நேரம். நிலையருகே வந்து மரம் போல நிற்பார். என் தம்பி மனைவி லதா பலமனேர்க்காரி, தெலுங்குப் பெண். அவர் எதிரில் நின்றுகொண்டு, "ரண்டி மாவய்யா, அடுகு வெய்யண்டி" என்று ஒரே ஒரு அடி எடுத்து வைக்கச் சொல்லிக் கெஞ்சுவாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். "நீ போம்மா, நான் வர்றேன்" என்பார், வர மாட்டார். மாத்திரையைக் கூட்டினார்கள். எனக்கு நோய் முற்றுகிறது என்றுதான் பட்டது.

ஒருநாள் ரத்தினம் கம்பெனி வேனில் திரும்பும்போது கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு விசயம் சொல்றேன் கேளு. கல்யாணத்துக்கு நைனாவ நகரிக்கு இட்டுக்கினு போனேன் இல்ல? நம்ம தெருவுல எறக்கி விட்டேன். கார் கதவ சாத்திட்டுத் திரும்பிப் பாக்கறேன், மனுசன் பாட்டுக்கு நடந்துக்கினு போறாரு. ஊனுற கொம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. கல்யாண வீடு வரைக்கும் போய்ட்டாரு. இங்க வந்தா மறுபடி ஒட்டிக்கிச்சி."

"தெருவுல தறி ஓடிச்சா?" என்று கேட்டேன்.

"எல்லா ஷெட்டும்தான் ஓடுது. ஏன்?"

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். வகுப்பில் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் படித்துக்கொண்டிருந்த பாடம் எங்கள் தெருவில் நடந்திருக்கிறது. கூடவே நெஞ்சில் ஒரு அடி. அந்தச் சத்தத்திலிருந்து அவரைப் பெயர்த்துக்கொண்டு போய் வைத்தது நான்.

4

ரத்தினத்தை நகரிக்கு அனுப்பினேன். எங்கள் பழைய ஷெட்டிலேயே, நைனா ஓட்டின அதே தறியருகே நின்று போனில் பதிவு செய்து அனுப்பினான். மூன்று நிமிஷம். ஒரே ஒரு தறி, தடக், தடக் என்று, நடுவே யாரோ இருமுகிறார்கள்.

நைனாவின் நடைக்குத் தறியின் வேகம் சற்றுக் கூடுதல். பாடத்தில் சொன்னபடி, அவர் வேகத்துக்கு அதை மெதுவாக்கி அனுப்பினேன். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா நடக்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் சுருங்கிப் போயிற்று.

"இது யார் ஷெட்டுல புடிச்சது? பெல்ட்டு லூசா கீது. மோட்டார் இழுக்கல. ரத்தினம், போயி சொல்லுடா, துணி வீணாப் போவும்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசினார். மெதுவாக்காமல் உள்ளபடியே விட்டேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். நிலையருகே வந்தார். நின்றுவிடுவார் என்று மூச்சைப் பிடித்தேன். தாண்டினார். கூடத்து ஜன்னலைத் தொட்டுவிட்டுத் திரும்பி, படுக்கைக்குப் போனார். இரண்டு நிமிஷம். லதா வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

தினமும் காலையில் அதே நடை. படுக்கையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து படுக்கை. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், பதிவு தீருவதற்கு முன்பே அணைத்துவிடுவார்கள். மூன்றாம் வாரம் நைனாவே, "இன்னம் கொஞ்சம் தூரம் போறேனே" என்றார். பதிவு தானாகத் திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து அனுப்பினேன்.

அதை அனுப்புவதற்கு முன் வகுப்பில் ஆன்னெயிடம் போட்டுக் காட்டினேன். பெருமைதான், வேறென்ன. ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். நாலு நிமிஷம் கேட்டிருப்பாள். கழற்றிவிட்டுச் சொன்னாள்.

"அருமையாக இருக்கிறது. ஆனால் முடிந்து மறுபடி தொடங்குகிற இடத்தில் ஒரு நொடி சத்தம் இல்லை. ஒட்டுப் போட்டுச் சரிசெய்யட்டுமா? கால்மணி நேர வேலை."

மறுநாள் காலை நைனா நடக்க வேண்டும், எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது. "வேண்டாம் ஆன்னெ. உனக்குப் பாட்டுக் காது, கேட்கிறது. என் அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை இந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நாற்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்ற ஒரு மனிதரின் காதைப் பற்றி, அவர் சம்பாத்தியத்தில் படித்த நான் சொன்னது அது.

5

முதல் நாலு நாளும் பதிவு மறுபடி தொடங்குவதற்குள் நடை முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள். எங்களுக்கு விடிந்தும் விடியாத நேரம், அங்கே காலை பத்து மணி. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். லதா தன் போனிலிருந்து வீடியோவில் வந்தாள். பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வதினா, சூடண்டி, பாருங்க. மாவய்யா இங்க வரைக்கும் வராரு. நான் கூப்பிடல, அவரே வராரு."

கேமராவை உள்பக்கம் திருப்பினாள். கூடத்தின் நடுவே நைனா வந்துகொண்டிருந்தார். கையை வீசிக்கொண்டு. அவர் கையை வீசி நடந்து நான் பார்த்து இரண்டு வருஷமாகிறது. சட்டைப் பையில் தறி ஓடுகிறது. முகத்தில் ஒரு சிரிப்பு, என்னிடம் காட்ட வருகிறார் என்று தெரிந்தது.

சத்தம் நின்றது.

நைனா சட்டென்று வலப்பக்கம் பின்னால் திரும்பினார். இந்த நோய்க்காரர்கள் அப்படித் திரும்பவே கூடாது. பத்து பேருக்குத் தினமும் சொல்கிறேன், வட்டமாகச் சுற்றி வாருங்கள், நின்ற இடத்தில் திரும்பாதீர்கள் என்று. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அப்படியே சாய்ந்தார். லதாவின் போன் கீழே விழுந்தது. எனக்குக் கொடியில் தொங்கிய ஒரு சேலையும் கொஞ்சம் வானமும் மட்டும் தெரிந்தன.

"மாவய்யா, மாவய்யா" என்று லதாவின் குரல். நைனாவின் குரல் இல்லை. அதற்குள் அவர் சட்டைப் பையில் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அணைக்க யாருக்கும் கை வரவில்லை. தடக், தடக் என்று ஓடிக்கொண்டே இருந்தது.

6

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கீழ்வீட்டுக்காரர் புத்தூருக்குக் கூட்டிப்போய் நாட்டு வைத்தியக் கட்டுப் போட்டு வரலாம் என்றாராம். ரத்தினம் கேட்கவில்லை, நேராகத் திருப்பதியில் ஒரு மருத்துவமனைக்கு எடுத்துப் போய்விட்டான். மறுநாளே அறுவைச் சிகிச்சை.

நான் விடுப்புக் கேட்டுப் போன கதை தனி. இங்கே பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு உண்டு. பெற்றவருக்கு என்றால் அவர் உன்னோடு ஒரே வீட்டில் வசிக்கிறாரா என்று ஒரு கட்டம். மருத்துவச் சான்று ஜெர்மன் மொழியில் இருக்கிறதா என்று இன்னொரு கட்டம். "கடைசியாக எப்போது அவரைக் கவனித்துக்கொண்டீர்கள்?" என்று அந்த அலுவலகத்துப் பெண் கேட்டாள். அவள் கேட்டது படிவத்துக்காக. கடைசியில் சொந்த விடுமுறையில் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் மகள் நிலாவுக்குப் பதின்மூன்று வயது. அவளையும் வரச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தேர்வு இருக்கிறது என்றாள். அப்புறம் ஜெர்மன் மொழியில், "தாத்தாவுக்கு நான் யாரென்று தெரியுமா? நான் போனால் என்ன பேசுவேன்?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். நான் பெட்டியை அடுக்கினேன்.

மருத்துவமனைக் கட்டிலில் நைனா சுருங்கிப் போய்க் கிடந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா பாப்பா. துன்னியா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"ஏன் நைனா திரும்பின?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதென்ன கேள்வி என்பது போல.

"தறி நின்னுச்சி. ஊடை நூல் அறுந்தா தானா நின்னுடும். ஒடனே போயி முடி போட்டு விடணும், இல்லேன்னா துணியில கோடு வுழுந்துடும். நம்ம நாலாந் தறி வலப்பக்கம் பின்னாலதான கீது."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. விளக்கம் சொன்னார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ரத்தினம் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, ஓடற சத்தம் எங்க காதுல வுழாது. நிக்கறதுதான் கேக்கும். நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன்."

ஓடுகிற சத்தத்தை நான் மருந்தாகப் பார்த்தேன். நாற்பது வருஷம் அவர் உடம்பு காத்திருந்தது சத்தம் நிற்பதற்காக. இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ஷெட்டில் நின்று பழகிய என் தம்பிக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும்.

7

மூன்றாம் நாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். போனில் எதையும் ஓட விடவில்லை. நான் பின்னால் நின்று கையைத் தட்டினேன். அவர் கால் தயங்கினால் என் கையும் தயங்கும், எழுந்தால் அடுத்த தட்டு விழும். படித்த பாடத்தின் முதல் பக்கத்திலேயே இது இருந்தது, கண் நோயாளியின் மேல் இருக்க வேண்டும் என்று. பதிவுக்குக் கண் ஏது.

லதாவுக்கும் தட்டக் கற்றுக்கொடுத்தேன். நன்றாகவே தட்டினாள். ஆனால் அவளுக்கு வீட்டில் சமையல் கிடக்கிறது, ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் வரும், தாளம் தன்னால் வேகமெடுத்துவிடும். "என்னாம்மா, பஸ்ஸு புடிக்கணுமா?" என்பார் நைனா. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு குறைப்பாள்.

அதற்குப் பிறகு பிரேமனுக்குத் திரும்பி வந்தேன். பயிற்சியில் ஒரே ஒரு பகுதி மிச்சம், மனத்தைக் கவனத்தில் நிறுத்தும் பழக்கம். ஆசிரியை ஒரு வெண்கல மணியை அடித்தார். ஒலி கரைந்து போகும் வரை கேளுங்கள், கேட்காமல் போன நொடியில் கையை உயர்த்துங்கள் என்றார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. என்னால் உயர்த்த முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. வகுப்பு முழுக்கப் பார்க்க, நடந்ததை எல்லாம் சொன்னேன். இலக்கணப் பிழை பற்றி அன்றைக்கு எனக்குக் கவலையில்லை.

ஆன்னெ முகம் வெளுத்துப் போயிற்று. "நான் இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும்" என்றாள்.

"நீ ஒரு தடவை ஒழுங்காகத்தான் சொன்னாய்" என்றேன்.

இனி அந்தப் படிவம். பதினோராவது கேள்விக்கு ஆம் என்று குறியிட்டேன். நடந்ததை ஒரு தனித் தாளில் எழுதி இணைத்தேன். நாலு நாளில் திரும்பி வந்தது. இணைப்புத் தாள்கள் ஏற்கப்பட மாட்டா என்று ஒரு குறிப்பு. தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்துப் பேசின அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "அவர் உங்கள் பதிவு பெற்ற நோயாளியா?" இல்லை. "கட்டணம் வாங்கினீர்களா?" இல்லை. "உங்கள் தந்தையா?" ஆமாம். "அப்படியானால் இந்தக் கேள்வி அவரைப் பற்றியது அல்ல. இல்லை என்று போட்டு அனுப்புங்கள்."

இல்லை என்று போட்டு அனுப்பினேன். சான்றிதழ் இன்னும் ஒரு வருஷத்துக்குச் செல்லும். அந்தத் தனித் தாளில் எழுதினதைத்தான், கொஞ்சம் விரித்து, இங்கே எழுதியிருக்கிறேன். எங்கேயாவது ஒரு இடத்தில் ஆம் என்று இருக்க வேண்டும்.

நைனா இப்போது வாக்கரோடு கூடம் வரைக்கும் நடக்கிறார். பால்கனிக்குப் போவதில்லை. ஊனச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். மாவட்டம் பிரிந்த பிறகு அவர் குடியிருப்பது திருப்பதி, காகிதம் எல்லாம் சித்தூர். இடுப்பில் தகடு வைத்த மனிதரை முகாமுக்குச் சித்தூர் வரை காரில் கொண்டுபோய்த் திரும்பினான் ரத்தினம். எனக்கு அதன் போட்டோவை அனுப்பினான். நான் ஒரு கும்பிடு படத்தை அனுப்பினேன். வேறு என்ன அனுப்ப முடியும்.

8

ஒன்றை மட்டும் அந்தத் தாளில் எழுதவில்லை. வகுப்பிலும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் என் கடைசி நாள். சாயங்காலம், பார்வையாளர் நேரம். எங்கள் மாடி வராந்தா நீளமானது, கடைசியில் ஒரு பெரிய ஜன்னல், அதில் மலை தெரியும். இதுவரை பாதி தூரம்தான் போயிருக்கிறோம். "இன்னிக்கி அது வரைக்கும் போலாம் பாப்பா" என்றார். அவர் முன்னால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, நான் நாலடி பின்னால், கையைத் தட்டிக்கொண்டு. எதிரே வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு அம்மாள் புரியாமல் கூடச் சேர்ந்து நாலு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

அவர் நன்றாக நடந்தார். எனக்கு எண்ணம் வேறெங்கோ போயிற்று. பெட்டி இன்னும் கட்டவில்லை. நிலாவுக்கு என்ன வாங்கிப் போவது. விடியற்காலை கிளம்பினால்தான் சென்னைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். நைனாவிடம் எப்படிச் சொல்வது. பன்னிரண்டு நாள் என்று வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும், தினமும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். அவரும் கேட்கவில்லை. நான் இருந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

என் கை எப்போது நின்றதென்று எனக்கே தெரியவில்லை.

நைனா நின்றுவிட்டார். நடு வராந்தாவில், வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு. தோள் இரண்டும் ஏறி இறங்கின. விழுந்த நாளிலிருந்து எவ்வளவு சொல்லி வைத்திருக்கிறேன், எதற்காகவும் திரும்பாதே என்று. அவர் திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, கீறியா?"

"கீறேன் நைனா" என்றேன்.

கையைத் தட்டினேன். அவர் கால் எழுந்தது. மறுநாள் காலை எனக்கு விமானம் என்பதை ஜன்னலைத் தொடுகிற வரைக்கும் அவரிடம் சொல்லவில்லை.